இரத்தச் சுற்றோட்டம்: வில்லியம் ஹார்வி புதிதாகச் செய்தது என்ன?

இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹார்வி என்று பள்ளியில் படித்தோம். ஆனால் அவருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முன்னதாகவே கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-நஃபீஸ் அதை எழுதி வைத்துவிட்டார் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். அப்படியானால் ஹார்வி புதிதாகச் செய்ததுதான் என்ன என்பது கேள்வி. உடலியங்கியல் கற்பித்துவரும் எனக்கு இந்தக் கேள்வி மாணவர்களிடமிருந்தும் அடிக்கடி வருகிறது. இருவரும் சொன்னது ஒன்றல்ல. இப்னு அல்-நஃபீஸ் சொன்னது, இதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு இரத்தம் நுரையீரல் வழியாகப் போகிறது என்பதை. ஹார்வி நிறுவியது, உடலில் இருக்கும் அதே இரத்தம் இதயத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் சென்று மீண்டும் இதயத்துக்கே வந்து சேர்ந்து ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை. இரண்டாவதைச் சொல்ல, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நின்ற ஒரு மருத்துவக் கட்டடத்தை அடித்தளத்தோடு பெயர்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கட்டடத்தை எழுப்பியவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த கிரேக்கரான கேலன். அவர் வகுத்தபடி, உண்ட உணவின் சாரம் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போய் அங்கே இரத்தமாகிறது. அந்த இரத்தம் சிரைகள் வழியாக உறுப்புகளுக்குச் சென்று, வாய்க்காலில் வந்த நீர் வயலிலேயே சுவறிப்போவதைப் போல, அங்கேயே செலவாகிவிடுகிறது. அதில் ஒரு சிறு பங்கு இதயத்தின் வலக் கீழறைக்கு வந்து, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் துளைகள் வழியாக இடக் கீழறைக்குக் கசிந்து, நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு கலந்து உயிராற்றல் பெற்று, தமனிகள் வழியாக உடலுக்குப் போகிறது. இந்த அமைப்பில் இரத்தம் திரும்பி வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் திரும்பி வர எதுவும் மிச்சமிருப்பதில்லை. இதயம் இங்கே ஒரு பம்பும் அல்ல. அது ஓர் அடுப்பு.

இதில் முதல் விரிசலை உண்டாக்கியவர் இப்னு அல்-நஃபீஸ்தான். டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் பணியாற்றி 1288இல் மறைந்த அவர், பாரசீக மருத்துவரான இப்னு சீனாவின் மருத்துவ நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு எழுதிய உரையில், தடுப்புச் சுவர் கெட்டியானது, அதில் துளையே இல்லை, ஆகவே இரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்துதான் இடப்புறம் வர முடியும் என்று தயக்கமின்றி எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி பெர்லினில் கிடந்ததை எகிப்திய மருத்துவரான முஹ்யித்தீன் அத்-ததாவி 1924இல் வெளிக்கொணர்ந்த பிறகே இன்றைய உலகம் அதை அறிந்தது. ஐரோப்பாவில் 1553இல் மிகேல் செர்வெட்டும் 1559இல் ரியால்டோ கொலம்போவும் நுரையீரல் பாதையைப் பற்றி எழுதினார்கள். செர்வெட் அதை ஓர் இறையியல் நூலுக்குள் எழுதியிருந்தார், அந்த நூலுக்காகவே அதே ஆண்டு ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். அரபு மூலத்தின் கருத்து இவர்களுக்கு ஏதேனும் ஒரு வழியில் எட்டியிருக்குமா என்பது வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கும் செய்தி. எப்படியிருந்தாலும், இவர்கள் எல்லோருமே இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் திருத்தினார்களே தவிர, கல்லீரல் இரத்தம் செய்கிறது, உறுப்புகள் அதை உண்டுவிடுகின்றன என்ற பெருங்கதையைத் தொடவில்லை.

ஹார்வி 1578 ஏப்ரல் 1ஆம் தேதி இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில், வசதியான குடும்பமொன்றில் மூத்த மகனாகப் பிறந்தார். கான்டர்பரியில் பள்ளிப் படிப்பையும் கேம்பிரிட்ஜில் பட்டப்படிப்பையும் முடித்துவிட்டு, அக்காலத்தில் மருத்துவம் கற்பதற்குத் தலைசிறந்த இடமாக இருந்த இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1602 ஏப்ரலில் மருத்துவப் பட்டம் பெற்றார். கலிலியோ அங்கே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஹார்வியின் ஆசிரியர் ஃபாப்ரீசியஸ், 1590களில் அங்கு கட்டப்பட்ட, கிணற்றைப் போல வட்டவட்டமாக ஆறு அடுக்குகள் மேலெழும் மர அரங்கில், மாணவர்கள் கம்பியைப் பிடித்து நின்றபடி குனிந்து பார்க்க, நடுவில் பிணத்தை அறுத்து விளக்கியவர். சிரைகளுக்குள் சிறு கதவுகளைப் போன்ற வால்வுகள் இருப்பதைத் தெளிவாக வரைந்து 1603இல் நூலாக வெளியிட்டவரும் அவர்தான். ஆனால் அந்த வால்வுகள் எதற்காக என்ற இடத்தில் கேலனின் கண்ணாடியைக் கழற்ற அவரால் முடியவில்லை: கல்லீரலிலிருந்து இறங்கும் இரத்தம் கைகால்களில் வெள்ளமாகத் தேங்கிவிடாமல் வேகத்தைக் குறைக்கும் மதகுகள் என்று அவற்றுக்கு விளக்கம் தந்தார். வால்வுகள் எல்லாமே இதயத்தை நோக்கித்தான் திறக்கின்றன என்பது அவர் கண்முன்னே இருந்தது. முதுமையில் ஹார்வியைச் சந்தித்த ராபர்ட் பாயில், சுற்றோட்டம் என்ற எண்ணம் எதிலிருந்து பிறந்தது என்று கேட்டபோது, அந்த வால்வுகளிலிருந்துதான் என்று ஹார்வி விடை சொன்னதாகப் பதிவு செய்திருக்கிறார்.

லண்டனுக்குத் திரும்பியவரின் வாழ்க்கை வெளிப்பார்வைக்கு ஒரு வெற்றிபெற்ற மருத்துவரின் வாழ்க்கையே. 1604இல் அரச மருத்துவர் ஒருவரின் மகளான எலிசபெத் பிரவுனை மணந்தார். 1607இல் லண்டன் மருத்துவர்களின் தொழில் அமைப்பான மருத்துவர் கல்லூரியின் உறுப்பினரானார். 1609 முதல் புனித பர்த்தலோமியு மருத்துவமனையில் மருத்துவராக இருந்தார். 1618இல் அரசர் முதலாம் ஜேம்ஸுக்கும், பின்னர் முதலாம் சார்லஸுக்கும் மருத்துவரானார். 1616 முதல் மருத்துவர் கல்லூரியில் அவர் ஆற்றிய உடற்கூற்று விரிவுரைகளின் குறிப்பேடு அவரது கிறுக்கலான கையெழுத்திலேயே இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அவருடைய உண்மையான உழைப்பு, நோயாளிகளைப் பார்த்து முடித்தபின் உயிருள்ள பிராணிகளின் நெஞ்சைத் திறந்து இதயத்தைப் பார்ப்பதில் கழிந்தது. தொடக்கத்தில் ஒன்றும் புரியவில்லை. இதயத்துடிப்பு மின்னல் வெட்டைப்போல முடிந்துவிடுவதால், சுருங்குவது எப்போது, விரிவது எப்போது என்றே பிரித்தறிய முடியாமல், இதயத்தின் இயக்கத்தை அறிபவர் கடவுள் ஒருவரே என்று எண்ணிவிடும் நிலைக்குத் தாம் வந்ததாக அவரே எழுதுகிறார். அவர் கண்ட வழி எளிமையானது: வேகத்தைக் குறைக்க முடியாவிட்டால், மெதுவாகத் துடிக்கும் இதயத்தைத் தேடிப் போவது. தவளை, பாம்பு, மீன், நத்தை போன்ற குளிர் இரத்தப் பிராணிகளையும், இறக்கும் தறுவாயில் துடிப்பு தளர்ந்துவரும் நாய், பன்றி போன்றவற்றையும் அவர் பார்த்தார். தேம்ஸ் ஆற்றில் கிடைக்கும் ஒருவகைச் சின்னஞ்சிறு இறாலின் உடல் கண்ணாடியைப்போல ஊடுருவித் தெரிவதால், அதை அறுக்காமலேயே இதயம் துடிப்பதைப் பார்க்க முடிந்தது. இதயம் வேலை செய்வது விரியும்போது அல்ல, சுருங்கும்போதுதான்; அப்போது அது கெட்டிப்பட்டு, வெளிறி, நெஞ்சுச் சுவரில் மோதி, தன்னிடமுள்ள இரத்தத்தை வெளியே தள்ளுகிறது; நாம் கையில் உணரும் நாடி, அந்தத் தள்ளலின் விளைவு. இவையெல்லாம் அன்று நம்பப்பட்டதற்கு நேரெதிர்.

1628இல், தமது ஐம்பதாவது வயதில், இதயமும் இரத்தமும் விலங்குகளில் இயங்கும் விதத்தைப் பற்றிய லத்தீன் நூலை ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சிட்டு வெளியிட்டார். 17 அதிகாரங்கள் கொண்ட, 72 பக்கங்களே உள்ள, அச்சுப் பிழைகள் மலிந்த சிறு புத்தகம். ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியின் சகாக்கள் முன்னிலையில் செய்துகாட்டி உறுதிப்படுத்திய பிறகே எழுதுவதாக முன்னுரையில் சொல்கிறார். அந்நூலின் உயிர் என்று நான் கருதுவது அதன் ஒன்பதாம் அதிகாரம், ஏனென்றால் அங்கேதான் ஒரு மருத்துவர் முதன்முதலாக, இரத்தம் எங்கே போகிறது என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு போகிறது என்று கேட்டார்.

அந்தக் கணக்கு யாரும் போடக்கூடிய கணக்கு. இறந்தவரின் இடக் கீழறையில் இரண்டு அவுன்சுக்கும் மேல் இரத்தம் இருந்ததைத் தாம் அளந்து பார்த்ததாக ஹார்வி சொல்கிறார். ஆனால் எதிராளிக்கு வாய்ப்பளிக்காமல் இருப்பதற்காக, ஒவ்வொரு துடிப்பிலும் அரை அவுன்ஸ்தான் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம் என்கிறார்; அதுவும் மிகுதி என்றால், அவுன்சில் எட்டில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம் என்கிறார். அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறையாவது துடிக்கிறது. சிலருக்கு இரண்டாயிரம், மூவாயிரம்கூட ஆகலாம். ஆயிரம் என்ற குறைந்த எண்ணையே எடுத்தாலும், அரை அவுன்ஸ் வீதம் 500 அவுன்ஸ், அதாவது சுமார் 15 கிலோ இரத்தம் அரை மணி நேரத்தில் இதயத்தைக் கடந்தாக வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்று சுருக்கினாலும் ஏறத்தாழ 4 கிலோ. ஓர் ஆட்டை எடுத்துக்கொண்டு அதே முறையில் கணக்கிட்டால் அரை மணி நேரத்தில் மூன்றரைப் பவுண்டு வருகிறது. ஆட்டின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே நான்கு பவுண்டுக்கு மேல் இல்லை என்பதை அவர் சோதித்துப் பார்த்து வைத்திருந்தார்.

இவ்வளவு இரத்தத்தை உண்ட உணவிலிருந்து கல்லீரல் புதிதாகச் செய்துகொண்டேயிருக்க முடியாது. உறுப்புகளும் இவ்வளவையும் உண்டு தீர்த்துவிட முடியாது. சிரைகள் வற்றிப்போவதுமில்லை, தமனிகள் வெடிப்பதுமில்லை. ஆகவே தமனிகளுக்குள் போன இரத்தம் எப்படியோ சிரைகளுக்குள் வந்து இதயத்துக்குத் திரும்பியாக வேண்டும். இன்று நமக்குத் தெரிந்த அளவுகளை வைத்துப் பார்த்தால் ஹார்வியின் எண்கள் மிகவும் குறைவானவை: ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் அளவில், நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டரை, அரை மணி நேரத்துக்கு 150 லிட்டரை வெளியேற்றுகிறது. எண்கள் பிழை என்று சிலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு; நான் அப்படிக் கருதவில்லை. மிகக் குறைந்த எண்ணை எடுத்தாலே பழைய கொள்கை நிற்க முடியவில்லை என்று காட்டுவதுதான் அந்த வாதத்தின் பலம். துல்லியமான கருவி எதுவும் கையில் இல்லாத ஒருவர், துல்லியமே தேவைப்படாதபடி வாதத்தை அமைத்துக்கொண்டார்.

கணக்கு போட்டதோடு அவர் நிறுத்தவில்லை. பதினோராம் அதிகாரத்தில் வருவது கட்டுப் போடும் சோதனை. கையின் மேற்பகுதியில் துணியால் மிக இறுக்கமாகக் கட்டினால், கட்டுக்குக் கீழே நாடி நின்று, கை வெளிறிக் குளிர்ந்துவிடுகிறது. கட்டுக்கு மேலே தமனி புடைத்துத் துடிக்கிறது. இப்போது கட்டைச் சற்றே தளர்த்தினால் கை சட்டென்று சிவந்து, கட்டுக்குக் கீழே சிரைகள் முறுக்கேறிப் புடைக்கின்றன. ஆழத்தில் ஓடும் தமனி திறந்துவிட்டது, மேலாக ஓடும் சிரை மட்டும் இன்னும் அடைபட்டிருக்கிறது. இரத்தம் தமனி வழியாகக் கீழே போய், சிரை வழியாக மேலே வர முயன்று கட்டில் முட்டி நிற்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் கொள்ள முடியாது. ஐரோப்பா முழுவதும் நாவிதர்களும் மருத்துவர்களும் நோயாளியின் கையில் இதே மிதமான கட்டைப் போட்டுத்தான் நூற்றாண்டுகளாக இரத்தம் வடித்துவந்தார்கள். கட்டுக்குக் கீழேதான் கீறினார்கள். கட்டுக்குக் கீழேதான் சிரை புடைத்தது. கேலன் சொன்னபடி சிரை இரத்தம் கல்லீரலிலிருந்து விரல்களை நோக்கி இறங்குவதானால், கட்டுக்கு மேற்புறமல்லவா புடைத்திருக்க வேண்டும்?

அடுத்த சோதனையை இதை வாசிப்பவர்கள் இப்போதே செய்து பார்க்கலாம். முதலாண்டு மாணவர்களிடம் நான் ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்யச் சொல்வது வழக்கம். முழங்கைக்கு மேலே மிதமாக ஒரு கட்டுப் போட்டுக் கையைத் தொங்கவிட்டால், முன்கையின் சிரைகளில் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் தெரியும், அவை வால்வுகள். ஒரு விரலால் சிரையை மணிக்கட்டுப் பக்கத்தில் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி, அடுத்த வால்வைத் தாண்டி இரத்தத்தை வழித்துவிட்டு அந்த விரலை எடுத்தால், நடுவிலுள்ள பகுதி வெறுமையாகவே இருக்கும். மேலேயிருந்து இரத்தம் இறங்காது. மேலேயிருந்து கீழே தள்ளப் பார்த்தாலும் வால்வு விடாது. முதலில் வைத்த விரலை எடுத்த கணமே கீழேயிருந்து இரத்தம் வந்து நிரம்பிவிடும். ஹார்வியின் நூலில் உள்ள படங்கள் இவை மட்டுமே. அது மட்டுமல்ல, இந்தச் சோதனையை ஒரே இடத்தில் ஆயிரம் முறை செய்தால் எவ்வளவு இரத்தம் கடக்கும் என்று பெருக்கிப் பாருங்கள் என்று சொல்லி, தமது கணக்குக்கே வாசகரைத் திரும்ப அழைத்துச் செல்கிறார்.

பாம்பின் மீது செய்த சோதனையும் இதே தெளிவுடையது. இதயத்துக்குள் வரும் பெருஞ்சிரையை இடுக்கியால் பிடித்தால் இதயம் வெளிறிச் சுருங்குகிறது. வெளியே செல்லும் பெருந்தமனியைப் பிடித்தால் இதயம் கருஞ்சிவப்பாக வீங்கி மூச்சுமுட்டியதுபோல் ஆகிறது. விட்டதும் இரண்டுமே பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இந்த நூலால் தமக்குச் சிலரது பொறாமையால் மட்டுமல்ல, மனித குலம் முழுவதிலிருந்துமே பகை வருமோ என்று அஞ்சுவதாக ஹார்வி எழுதினார். பகை ஓரளவு வரத்தான் செய்தது. ஜேம்ஸ் ப்ரிம்ரோஸ் 1630இல் மறுப்பு நூல் எழுதினார். பாரிஸின் புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் ரியோலான் கடைசிவரை ஏற்கவில்லை, அவருக்கு ஹார்வி 1649இல் இரண்டு நீண்ட கடிதங்களை அச்சிட்டு விடையளித்தார். 1636இல் அரசத் தூதுக்குழுவோடு ஜெர்மனிக்குச் சென்றபோது, ஆல்ட்டார்ஃபில் காஸ்பர் ஹோஃப்மன் என்ற பேராசிரியருக்கு நேரிலேயே செய்துகாட்டியும் அவர் இணங்கவில்லை. பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்ட் 1637இல் சுற்றோட்டத்தை ஏற்றுக்கொண்டார், ஆனால் இதயம் வெப்பத்தால் விரிவதாகச் சொல்லி அதன் இயக்கத்தில் மாறுபட்டார். நூல் வெளிவந்தபின் ஹார்வியின் மருத்துவத் தொழில் வெகுவாகச் சரிந்ததென்றும், மக்கள் அவரைப் புத்தி பேதலித்தவராக எண்ணினார்களென்றும் அவரை அறிந்த ஜான் ஆப்ரி எழுதியிருக்கிறார். ஆயினும் அரசரின் நம்பிக்கை குறையவில்லை. சிறுவயதில் நெஞ்சில் பட்ட காயம் துளையாகவே ஆறிப்போய், அதன் வழியே இதயம் துடிப்பது தெரிந்த மான்ட்கோமரி என்ற இளைஞரை ஹார்வி சார்லஸ் மன்னரிடம் அழைத்துச் சென்றார். துடிக்கும் இதயத்தை மன்னரும் அவரும் கையால் தொட்டுப் பார்த்தார்கள், தொடுவதை அந்த இளைஞர் உணரவேயில்லை என்று ஹார்வி பதிவு செய்கிறார். 1634இல் லங்காஷயரிலிருந்து சூனியக்காரிகள் என்ற குற்றச்சாட்டோடு கொண்டுவரப்பட்ட பெண்களைச் சோதிக்கும் பொறுப்பும் அவருக்கு வந்தது. இயல்புக்கு மாறான எதுவும் அவர்கள் உடலில் இல்லை என்பதே அந்தச் சோதனையின் முடிவு.

1642இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் அரசரோடு சென்றார். அவர் இல்லாத நேரத்தில் லண்டனில் அவரது தங்குமிடம் சூறையாடப்பட்டு, பல ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த ஆய்வுத் தாள்கள், குறிப்பாகப் பூச்சிகளின் பிறப்பைப் பற்றியவை, அழிந்துபோயின. தமக்கு நேர்ந்த இழப்புகளிலேயே பெரியது அதுதான் என்று அவர் வருந்தியிருக்கிறார். எஞ்சியவற்றிலிருந்து, நண்பர் ஜார்ஜ் என்ட்டின் வற்புறுத்தலால், விலங்குகளின் பிறப்பு குறித்த பெருநூல் 1651இல் வெளிவந்தது. கோழி முட்டையில் நாளுக்கு நாள் கரு வளர்வதையும், அரச வேட்டைகளில் கொல்லப்பட்ட பெண் மான்களின் கருப்பைகளையும் பார்த்து எழுதிய அந்நூலில், எல்லா உயிர்களும் முட்டையிலிருந்தே என்ற வாசகம் முகப்புப் படத்தில் இருக்கிறது. பாலூட்டிகளின் கருமுட்டையை அவரால் காண முடியவில்லை. அதற்கு 1827இல் ஃபான் பேயர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் அறியாதவற்றையும் சொல்லியாக வேண்டும். இரத்தம் ஏன் சுற்ற வேண்டும் என்பதற்கு அவரிடம் நல்ல விடை இல்லை. ஆக்சிஜன் என்ற கருத்தே பிறக்காத காலத்தில், நுரையீரல் இரத்தத்தைக் குளிர்விக்கிறது என்றும், நீர் ஆவியாகி மழையாகத் திரும்புவது போன்றதொரு வட்டம் இது என்றும் அரிஸ்டாட்டிலின் வழியில் நின்று எழுதினார். இரத்தம் வடிக்கும் சிகிச்சையையும் அவர் கைவிடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை அவர் பார்த்ததே இல்லை. சதையிலுள்ள நுண்துளைகள் வழியாகப் போகலாம் என்று ஊகித்ததோடு நின்றார். கேலனின் கண்ணுக்குத் தெரியாத துளைகளை மறுத்தவர், தாமே கண்ணுக்குத் தெரியாத ஒரு வழியை நம்பச் சொல்கிறாரே என்று எதிராளிகள் கேட்டதில் நியாயம் இருந்தது. வேறுபாடு என்னவென்றால், கேலனின் துளைகளைச் சோதனையால் பொய்ப்பிக்க முடிந்தது. ஹார்வியின் வழியோ கணக்கும் கட்டும் வால்வும் சேர்ந்து, இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்திய ஒன்று.

அந்தப் பொய்ப்பிப்பை அவர் செய்து முடித்தது முதுமையில். 1651இல், 73 வயதை எட்டும் வேளையில், ஹம்பர்க் மருத்துவரான ஷ்லேகலுக்கு எழுதிய கடிதத்தில் அதை விவரிக்கிறார். தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில், நுரையீரலுக்குப் போகும் தமனியைக் கட்டிவிட்டு, மாட்டு நீர்ப்பையில் குழாய் பொருத்தி வலக் கீழறைக்குள் வெந்நீரை அழுத்திச் செலுத்தினார். கீழறை உப்பியது, தடுப்புச் சுவரின் மறுபுறம் ஒரு துளியும் வரவில்லை. பிறகு கட்டை அவிழ்த்து, குழாயை நுரையீரல் தமனிக்குள் வைத்துச் செலுத்தினார். இடக் கீழறையில் முன்பே போட்டு வைத்திருந்த துளை வழியாக நீரும் இரத்தமும் பீறிட்டு வந்தன. இப்னு அல்-நஃபீஸ் சொல்லால் மறுத்த துளைகளை, அவரைப் பற்றி ஒன்றுமே அறியாத ஹார்வி, நீரூற்றிச் சோதித்து மறுத்தார்.

ஹார்வி 1657 ஜூன் 3ஆம் தேதி பக்கவாதத்தால் இறந்தார். எசெக்ஸிலுள்ள ஹெம்ப்ஸ்டெட் ஊரில் குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டார். மருத்துவர் கல்லூரிக்கு அவர் கட்டிக்கொடுத்த நூலகம் 1666ஆம் ஆண்டின் லண்டன் பெருந்தீயில் எரிந்துபோனது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னதாக, 1661இல், பொலோனியாவில் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தமனியின் முனைகளையும் சிரையின் முனைகளையும் இணைக்கும் மயிரிழை போன்ற குழாய்களைக் கண்டிருந்தார். நாம் இன்று தந்துகிகள் என்று சொல்பவை அவைதான்.